இடது பக்கத்துப் பட்டன்

உட்காருங்க தம்பி. நின்றுகொண்டே இருந்தால் உங்க நம்பர் சீக்கிரம் வந்துவிடாது. எத்தனை? நாற்பத்தேழா? முப்பத்தொன்றே இன்னும் உள்ளே போகவில்லை. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்க. லைசென்ஸில் அட்ரஸ் மாற்றத்தானே? அது எங்கேயும் ஓடிப்போகாது.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் இப்போது யாரிடமாவது சொல்லாவிட்டால் எழுந்து போய் அந்தக் கிரவுண்டுக்குள் விழுந்துவிடுவேன். அதனால் கேளுங்க.

அங்கே பாருங்க, டெஸ்ட் நடக்கிற இடம். மூன்று கார் வரிசையாக நிற்கிறதா? மூன்றாவது, வெள்ளை. சிவப்பில் எல் எழுத்து ஒட்டியிருக்கிறதே, அது என் கார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பது என் வீட்டுக்காரி. பூவாத்தாள். அறுபத்தொன்று முடிந்துவிட்டது. இன்றைக்கு அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

சிரிக்காதீங்க. சரி, சிரியுங்க. நானே நாலு மாதமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விஷயம் அதில்லை. அந்தக் காரில் ஒரு தப்பு இருக்கிறது. எனக்குத் தெரியும், டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன செய்வார்? ‘வண்டி சரியில்லை, இறங்குங்க, அடுத்த மாதம் வாங்க’ என்று எழுதிவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவார். அவள் அடுத்த மாதம் வரமாட்டாள். ஒரு தடவை இறங்கினால் இறங்கினதுதான், அவளை எனக்குத் தெரியும். அந்தத் தப்பைப் பண்ணினது நான்.

என் பேர் சென்னியப்பன். இதே ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தேன். முப்பத்துநாலு வருஷம். ஆறு வருஷத்துக்கு முன்னால் மூடினேன். மூன்று டாக்டர்கள் என்னிடம் படித்திருக்கிறார்கள். ஒரு சாமியாருக்குக்கூடச் சொல்லிக் கொடுத்தேன். பிரேக் போடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

டிரைவிங் ஸ்கூல்காரன் எங்கே உட்காருவான்? சொல்லுங்க. இடது சீட்டில். இதைக் கவனமாகக் கேளுங்க, எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஓட்டுகிறவர் வலது பக்கம், நான் இடது பக்கம். என் காலடியில் தனியாக ஒரு கிளச், ஒரு பிரேக். முப்பத்துநாலு வருஷம் நான் அந்த சீட்டில்தான் குடியிருந்தேன். கார் என்று ஒன்றைப் பார்த்தாலே என் கால் இடது கதவுக்குத்தான் போகும். சாவி என் கையில் இருக்கும், ஓட்ட வேண்டியவன் நான், ஆனாலும் போய் இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு ‘எடு’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். அப்புறம்தான் பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரியும்.

ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் பூவாத்தாளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். மூன்று நாள். அது ஆயிற்று இருபத்தொன்பது வருஷம். மூன்றாம் நாள் வாய்க்கால் மேட்டில் கிளச்சை டக்கென்று விட்டாள், வண்டி துள்ளி நின்றது. ஏழாவது தடவை. நான் ஒன்றும் பெரிதாகத் திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான். “உனக்கு ஆட்டுக்கல்லுதான் லாயக்கு. அதுக்குத்தான் கிளச்சும் இல்ல, கியரும் இல்ல” என்றேன். அவ்வளவுதான். இறங்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஃபர்ஸ்ட் கியரில் உருட்டிக்கொண்டு போனேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து என் வண்டியில் அவள் பின் சீட்டில்தான். எந்த வண்டி வாங்கினாலும் சரி, பின் கதவைத் திறந்துகொண்டு ஏறுவாள். பின்னால் காற்று நன்றாக வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. இதையெல்லாம் போய்க் கேட்டுக்கொண்டா இருப்பது?

முதல் கார் கிளம்பிவிட்டது. பாருங்க, அந்த ஆள் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியை. கோழியை அமுக்குகிற மாதிரி. எவனிடம் படித்தானோ.

எங்கே விட்டேன்? போன வருஷம் எனக்கு இடது முட்டியில் ஆபரேஷன். கிளச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை இந்த ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கிளச் கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும். “அப்ப ஓட்டறவனுக்கு என்னங்க வேலை?” என்று கேட்டேன். “கம்முனு உக்காந்து போறதுதான் மாமா வேலை” என்றார். அவர் அப்படித்தான் பேசுவார்.

அந்தக் காரில் பேருக்கு ஒரு கியர் ராடு நிற்கிறது. அதன் தலையில் கையால் பிடிக்கிற உருண்டை இருக்குமே, அதுதான் நாப். நாப்பில் ஒரு பட்டன். அதைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டுதான் நிறுத்தின வண்டியை எடுக்க முடியும், ரிவர்ஸ் போட முடியும். அழுத்தாவிட்டால் ராடு அசையாது. இவ்வளவு தெரிந்தால் போதும் உங்களுக்கு.

வெயிலில் நின்று நின்று அந்த நாப்பின் மேல்தோல் உரிந்து, வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுத்துப் போயிற்று. கையை வைத்தால் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். ராடோடு சேர்த்து மாற்ற வேண்டும், காரை நாலு நாள் விட்டுவிட்டுப் போங்க என்றான். ஒரு உருண்டையை மாற்ற நாலு நாளா? நான் எத்தனை வண்டிக்கு நாப் மாற்றியிருக்கிறேன்! இடது பக்கமாகத் திருகினால் கையில் வரும், புதியதைத் திருகினால் முடிந்தது. பல் தேய்க்கிற நேரம். மாப்பிள்ளையிடம் சொல்லி ஆன்லைனில் ஒரு நாப் வரவழைத்தேன். “வீடியோ இருக்கு மாமா, பாத்துட்டுப் பண்ணுங்க” என்றார். எனக்கு வீடியோ!

முதல் நாள் திருகினேன். வரவில்லை. இரண்டு கையாலும் திருகினேன். துண்டைச் சுற்றித் திருகினேன். முட்டியை டேஷ்போர்டில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்துத் திருகினேன். கார்தான் ஆடியது. பூவாத்தாள் வாசல்படியில் உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்:

“ஏனுங்க, மேல இழுத்துப் பாக்கலாமுங்களே?”

“உனக்கென்ன தெரியும்? கீரையப் பாரு.”

இரண்டாம் நாள், அவள் சொன்னதற்காக இல்லை, எனக்கே தோன்றியது, ராடைச் சுற்றியிருந்த தோல் பாவாடையைக் கீழே இறக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு கம்பி கிளிப். லாடம் மாதிரி வளைந்து, நாப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கட்டிங் பிளேயரால் அதைப் பிடுங்கிவிட்டு மேலே ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்க, நாப் கையோடு வந்து என் தாடையில் அடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங் தாவி எங்கேயோ போய்விட்டது. நாப்பை ஆன்லைனில் விற்கிறவன் ஸ்பிரிங் தரமாட்டானாம், பழைய ஸ்பிரிங்கைத்தான் போட வேண்டுமாம். சீட்டுக்கடியில் தேடினேன். காலடி விரிப்பைத் தூக்கித் தேடினேன். மத்தியானம் சோற்றில் கீரைப் பொரியல் வைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கையும் வைத்தாள்.

“இது உங்களுதுங்களா? முறத்துல கெடந்துது.”

எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாட்டினேன். ஸ்பிரிங்கை வைத்து, நாப்பை ராடில் இறக்கி, கிளிப்பைத் தள்ளினேன். டக். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் மனுஷன் கைவேலை செய்கிறான். கையை வைத்துப் பார்த்தேன். பட்டன் சரியாகப் பெருவிரலுக்கு வந்தது. அழுத்தினேன், அமுங்கியது. விட்டேன், எழும்பியது. பூவாத்தாள் வாசலிலிருந்து, “சரியா வந்துருச்சுங்களா?” என்றாள். “வராம என்ன?” என்றேன்.

இறங்கிச் சுற்றிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கியர் ராடைப் பிடித்தேன். பெருவிரலுக்குப் பட்டன் இல்லை.

புரிகிறதா தம்பி? சுற்றிக்கொண்டு போனேன் என்று சொன்னேனே. மூன்று நாளும் நான் உட்கார்ந்திருந்தது இடது சீட்டில். பழக்கம். அங்கே உட்கார்ந்து என் கைக்கு வாகாகப் பட்டனை வைத்து மாட்டிவிட்டேன். டிரைவர் பக்கம் இருக்க வேண்டிய பட்டன் அந்தப் பக்கம் போய்விட்டது. விரல் நுனியால் எட்டி அழுத்தலாமே என்று கேட்பீங்க. அழுத்திப் பார்த்தேன். நாப் பருமன், ஸ்பிரிங் முறுக்கு. பெருவிரல் வைத்துக் குத்தினால்தான் அமுங்குகிறது.

கழற்றித் திருப்பி மாட்டப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் அவள் வாசலில் நிற்கிறாளே. ‘வராம என்ன’ என்று சொல்லி இன்னும் அந்த வார்த்தை காயவில்லை. அதோடு அன்றைக்குச் சாயங்காலம் அவள் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து விருந்து. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து பின் கதவில் கை வைத்துவிட்டாள்.

“முன்னாடி வந்து உக்காரு” என்றேன்.

“எதுக்குங்க?”

“புது நாப்பு. திருட்டுப் போகாத மாடல். ரெண்டு பேரு சேந்து எடுத்தாத்தான் வண்டி நகரும்.”

என்னை ஒரு பார்வை பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. சேலையைச் சரி பண்ணிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கு உட்கார்ந்த மாதிரி.

“இந்தப் பட்டனை அழுத்து.”

அழுத்தினாள். நான் ராடை இழுத்தேன். வண்டி நகர்ந்தது.

மண்டபத்து வாசலில் திருப்ப வேண்டியிருந்தது. சந்து குறுகல். முன்னால் ஒரு மினி பஸ், பின்னால் பந்தல்கால். “அழுத்து.” ரிவர்ஸ். “விடு.” முன்னால். “அழுத்து.” ரிவர்ஸ். “விடு.” “அழுத்து.” “எதுக்கு இப்ப அழுத்தின, விடுன்னு சொன்னேன்ல?” “நீங்க அழுத்துன்னுதானுங்க சொன்னீங்க.” “அது அதுக்கு முன்னாடி.” ஏழெட்டு தடவை ஆகிவிட்டது. விருந்துக்கு வந்த சனமெல்லாம் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறது. இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. உடம்பு குலுங்குகிறது, சிரித்துக்கொண்டே அழுத்துகிறாள், அழுத்திக்கொண்டே சிரிக்கிறாள். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. நானும் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அவள் அண்ணன் வந்து ஜன்னலைத் தட்டி, “என்ன மச்சான், மருந்து ஏதாச்சும் மாத்திச் சாப்பிட்டுட்டீங்களா?” என்று கேட்டார்.

முப்பத்தேழைக் கூப்பிடுகிறார்கள். நீங்க இல்லை, உட்காருங்க.

அப்புறம் வேலைகள் வந்துகொண்டே இருந்தன. கறிவேப்பிலை வாங்க வேண்டும் என்பாள், வண்டியை எடுப்போம். வீட்டுக்குப் பின்னாலேயே கறிவேப்பிலை மரம் இருக்கிறது, ஆனால் அதில் பூச்சி. அணையில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வரணும், வண்டியை எடுப்போம். உடுமலைப்பேட்டையில் ஒரு பேக்கரியில் தேங்காய் பன் நன்றாக இருக்கும். தேங்காய் பன்னுக்கு முப்பது கிலோமீட்டர் போவதா என்று கேட்காதீங்க. அவசியமாக இருந்தது, போனோம். தினமும் ஏதாவது அவசியம். போகப்போக நான் ‘அழுத்து’ என்று சொல்லவே தேவையில்லை. என் தோள் அசைகிறதைப் பார்த்தே அழுத்திவிடுவாள். அதற்கப்புறம் எனக்கே சொல்ல ஆரம்பித்தாள். “ரிவர்ஸ்ல போட்டுட்டு எதுக்குங்க முன்னால பாக்கறீங்க?” “அந்த டிவிஎஸ்காரன் திரும்புவான், மெல்லப் போங்க.” ஊருக்கு வண்டி சொல்லிக் கொடுத்தவனுக்குச் சொல்கிறாள். இடது சீட்டில் உட்கார்ந்தால் எவருக்கும் வாய் வரும் போலிருக்கிறது.

நாப்பைத் திருப்பி மாட்டியிருக்கலாமே என்கிறீங்க. நேரம் எங்கே இருந்தது? தினமும் வெளியே போய்க்கொண்டிருந்தோமே.

இரண்டாவது கார் போகிறது. அதற்கடுத்து அவள். என் துண்டை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டேன் பாருங்க. ஏழாயிரம் பேரை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறேன், ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லை.

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி இளநீர் குடித்தோம். தண்ணீர் வற்றி, மணல் ஓரமாகப் பெரிய பொட்டல். வண்டிக்குத் திரும்பினோம். நான் பழக்கத்தில் இடது கதவைத் திறந்து ஏறிவிட்டேன். ‘எடு’ என்றும் சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. வழக்கமாக அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள். அன்றைக்கு டிரைவர் கதவு திறந்தது. பூவாத்தாள் ஏறி உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

“எடுக்கறனுங்க. நீங்க அழுத்துங்க.”

“ஏய்.”

“இதுலயும் கிளச்சு இல்ல, கியரு இல்லைங்களே. ஆட்டுக்கல்லு மாதிரித்தானுங்க.”

இருபத்தொன்பது வருஷமாக எங்கே வைத்திருந்தாளோ அந்த வார்த்தையை! எனக்கு இளநீர் புரையேறிவிட்டது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “நீங்க அழுத்தோணும். பேசக் கூடாதுங்க.”

பேசவில்லை. துண்டை எடுத்து வாயில் கவ்விக்கொண்டேன். நிஜமாகத்தான். அழுத்தினேன், அவள் ராடை இழுத்தாள், வண்டி ஊர்ந்தது. என் கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது. பொட்டலை ஒரு சுற்று சுற்றினாள். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தது. நான் துண்டைக் கடித்தேன். அவள் நிதானமாக நிறுத்தினாள், ஆடு போகிறவரைக்கும் காத்திருந்தாள், ஆட்டுக்காரனுக்குத் தலையை வேறு ஆட்டினாள். பழைய நாளில் துள்ளி நின்ற வண்டி, இன்றைக்கு வெண்ணெய் மாதிரி போகிறது. நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? ஒன்றுமில்லை. பட்டனை அழுத்தினேன். துண்டில்தான் ஓட்டை விழுந்தது.

எல்.எல்.ஆர். போட்டோம். நாலு மாதத்தில் மூன்று மாதம் இப்படியே ஓடியது. அவள் ஓட்டுவாள், நான் அழுத்துவேன். இன்றைக்குக் காலையில் இங்கே வந்ததும் அப்படித்தான்.

டெஸ்டுக்கு நாப்பைத் திருப்பித்தான் ஆக வேண்டும். இடது சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். அவரிடம் போய் ‘பட்டனை அழுத்துங்க சார்’ என்று சொல்ல முடியுமா? காலையில் காபி குடித்ததும் பிளேயரை எடுத்துக்கொண்டு போனேன். தோல் பாவாடையை இறக்கினேன். கிளிப் தெரிந்தது. பிளேயரை வைத்தேன். எடுத்துவிட்டேன். ராகு காலம் ஏழரைக்கு ஆரம்பிக்கிறது என்று ஞாபகம். ஒன்பதரைக்கு இங்கே வேறு இருக்க வேண்டும். நேரம் இல்லை.

நேரம் இருந்தது, தம்பி. ஒன்றரை மணி நேரம் இருந்தது. பேப்பரில் வரன் தேடும் விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு யாரும் இல்லை.

திருப்பிவிட்டால் பட்டனை அவளே அழுத்திக்கொள்வாள். அப்புறம் இடது சீட்டில் நான் உட்கார்ந்தால் என்ன, ஒரு மூட்டை புண்ணாக்கு உட்கார்ந்தால் என்ன? அவள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாள். அக்கா வீடு, கோயில், தேங்காய் பன். போகட்டும், யார் வேண்டாம் என்றது? இருந்தாலும் பிளேயர் கையை விட்டு நழுவிவிட்டது. வந்ததும் ஃபாரம் கொடுக்க முக்கால் மணி நேரம் லைனில் நின்றேன். அப்போதுதான் உறைத்தது நான் என்ன பண்ணி வைத்திருக்கிறேன் என்று. ஓடி வந்து சொல்லலாம் என்றால், காலையில் நாங்கள் வண்டியை நிறுத்தினதே டெஸ்ட் வரிசையில்தான், அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் வழியாக, “பக்கத்துல நிக்காதீங்க, அங்க போய் அந்த பெஞ்சுல உக்காருங்க” என்றாள். வந்துவிட்டேன். உங்களைப் பிடித்தேன்.

வந்துவிட்டார். வந்துவிட்டார் பாருங்க. இன்ஸ்பெக்டர் நம் காருக்குப் போகிறார். இடது கதவைத் திறக்கிறார். உட்கார்ந்துவிட்டார். இப்போது அவள் சொல்லியாக வேண்டும். ‘சார், அந்தப் பட்டனை...’ என்று. அவர் ‘எந்தப் பட்டன்’ என்பார். ‘எதுக்கு இந்தப் பக்கம் இருக்குது’ என்பார். அப்புறம் இறக்கிவிடுவார்.

நகர்கிறது! தம்பி, நகர்கிறது! அழுத்திவிட்டார். நல்ல மனுஷன். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். பாருங்க, இண்டிகேட்டர் போட்டாளா, போட்டாள். மேடு ஏறுகிறது. நிறுத்தச் சொல்வார். நிறுத்தினாள். பின்னால் உருளவே இல்லை பார்த்தீங்களா, ஒரு விரல்கடைகூட! வளைவில் கையைக் குறுக்கே போடாமல் திருப்புகிறாள். இதெல்லாம் நான் சொல்லாமலே. இனி ரிவர்ஸ் மட்டும்தான். அந்த இரண்டு கம்பிக்கு நடுவில் பின்னாலேயே போய் நிறுத்த வேண்டும். இன்னொரு தடவை அழுத்துவார். ஒரு தடவை அழுத்தினவர் மறுதடவை அழுத்தமாட்டாரா?

ஏன் நிற்கிறது? ஏன் கதவு திறக்கிறது? அவர் ஏன் இறங்குகிறார்?

போன இரண்டு பேருக்கும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாரே. கதவைச் சாத்திவிட்டார். தள்ளிப் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். இடது சீட்டில் ஆள் இல்லை. தம்பி, அழுத்த ஆள் இல்லை. ராடு அசையாது. அவள் எட்டிக் குனிந்தாலும் பெருவிரல் போகாது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. என் கையைப் பிடிங்க, எழுப்பிவிடுங்க. நான் போகிறேன். போய் இன்ஸ்பெக்டரிடம் சொல்கிறேன். தப்பு அவளுது இல்லை, என்னுது, இடது சீட்டில் உட்கார்ந்து மாட்டினேன், காலையில் நேரம் இருந்தும் திருப்பவில்லை, வேண்டுமென்றேதான் திருப்பவில்லை, என் லைசென்ஸை வேண்டுமானால் கிழித்துப் போடுங்க என்று...

இருங்க.

பின்னால் வெள்ளை லைட் எரிகிறது.

அது ரிவர்ஸ் லைட்.

வருகிறது. பின்னாலேயே வருகிறது தம்பி! உள்ளே யாரும் இல்லை, அவள் மட்டும்தான்! கம்பிக்கு நடுவில்... இடது பக்கம் இடம் இருக்கிறது, வலது பக்கம் இடம் இருக்கிறது... நிறுத்திவிட்டாள். நூல் பிடித்த மாதிரி. எப்படி? எப்படி அது? இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டுகிறார். எழுதுகிறார். சிரிக்கிறாரா? அந்த ஆள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இங்கேதான் வருகிறாள். நேராக பெஞ்சுக்கே ஓட்டிக்கொண்டு வருகிறாள். நீங்க எதுவும் பேசாதீங்க.

“பாஸுங்க” என்கிறாள்.

“ரிவர்ஸ் எப்படிப் போட்ட?”

“பட்டனை அழுத்தித்தானுங்க.”

“யாரு அழுத்தினா?”

“நாந்தானுங்க. திருப்பி மாட்டிட்டனுங்க.”

“எப்ப?”

“நீங்க பாரம் குடுக்க லைன்ல நின்னீங்கல்லங்க, அப்ப.”

“பிளேயர் வீட்டுல கெடக்குது.”

“கொண்டை ஊசி தலையிலயே இருக்குதுங்களே.”

“ஸ்பிரிங்கு?”

“கையில புடிச்சுக்கிட்டனுங்க. பறக்க உட்டா முறத்துக்கு எங்க போறது?”

“நான் மூணு நாள் மாட்டினேன்.”

“நான் டிரைவர் சீட்டுல உக்காந்து மாட்டுனனுங்க. சீக்கிரமா முடிஞ்சுது.”

“அந்த ஆளு ஏன் எறங்கினாரு?”

“நாந்தானுங்க எறங்கச் சொன்னேன். பக்கத்துல ஆளு இருந்தா ரிவர்ஸ் வராதுங்க சார், பழக்கமில்லைன்னு சொன்னேன். பாவம், எறங்கிட்டாரு.”

கேட்டீங்களா தம்பி? பிரேக் இன்ஸ்பெக்டரை இறக்கிவிட்டிருக்கிறாள்.

“பட்டன் மாறி இருக்குதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“மொத நாளே தெரியுமுங்க. திருட்டுப் போகாத மாடலாமா!”

“அப்புறம் எதுக்கு நாலு மாசமா சொல்லாம இருந்த?”

“நீங்க எதுக்குங்க நாலு மாசமா திருப்பாம இருந்தீங்க?”

கேள்வியைப் பாருங்க தம்பி. நீங்களாவது ஏதாவது சொல்லுங்க. இல்லை, வேண்டாம். “வெயில் ஏறுது, கெளம்பலாம்” என்றேன். “ஏறுங்க” என்கிறாள். பட்டன் அந்தப் பக்கம் போயிற்று, எனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தும் ஏறுங்க என்கிறாள். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, அங்கிருந்து உடுமலைப்பேட்டை போகலாமாம். பன் வாங்கணுமாம். லைசென்ஸ் கையில் வருகிறவரைக்கும் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும், அது சட்டம். வந்த பிறகும் உட்காரக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

உங்க நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்களா? எப்போது? சொல்லக் கூடாதா நீங்க? ஓடுங்க, ஓடுங்க. இருங்க, ஒரு நிமிஷம். கிட்டே வாங்க.

ஏழாயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் தம்பி. இவளை மாதிரி ரிவர்ஸ் எடுக்கிற ஆள் ஒருத்தரைப் பார்த்ததில்லை. என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். சத்தியமாக. இதை நான் அவளிடம் சொன்னதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீங்க. தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

என்ன, பின்னால் பார்க்கிறீங்க? ஜன்னல் திறந்தா இருக்கிறது?

கேட்டுவிட்டதா?

கேட்டுவிட்டது. முந்தானையை வாயில் வைத்துவிட்டாள்.

சரி. கேட்கட்டும்.